வலப்பக்கத்து ஸ்டியரிங்

ஈஸ்டர் விடுமுறை தொடங்குவதற்கு முதல் நாள், முதியோர் இல்லத்தில் எங்கள் ஓய்வறையில் ஒரு கூடை ஆரஞ்சுத் தோடம்பழம் வைத்திருந்தார்கள். இங்கே நோர்வேயில் ஈஸ்டர் என்றால் தோடம்பழம்தான், உங்களுக்குத் தெரியும். கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி பழத்தை உரித்துவிட்டு விரலை முகர்ந்து, மலையும் பனியும் வெயிலும் மணக்கிறது என்றாள். எனக்கு மணந்தது உங்கள் கை. கிறீஸ் போக்குவதற்கு நீங்கள் வைத்திருந்த, மணல் கலந்ததுபோல் நறநறக்கும் அந்தத் தோடம்பழ வாசனைப் பசை. குசினித் தொட்டியடியில் என் சட்டிகளுக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே. நீங்கள் கட்டிய அந்தக் கார் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டுப் புட்டிலும் தேத்தண்ணியிலும் அந்த வாசனைதான்.

பழத்தை எடுக்காமல் எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன். அப்பாவுக்கு எழுதி என்ன பயன் என்று எங்கள் மகள் ஆரணி கேட்பாள். பயனில்லைத்தான். நீங்கள் இருக்கும்போதும் நான் பயனில்லாமல்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒஸ்லோவில் ரொம்மன் அடுக்குமாடியில் இருந்தவரைக்கும் உங்களுக்குக் கார் கட்டுகிற யோசனை வரவில்லை. வந்தாலும் வைக்க இடமில்லை. லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கி, கூடவே ஒரு கராஜும் கிடைத்த அடுத்த வருடம்தான் உங்கள் கண் விஷயம் தெரியவந்தது. பஸ் லைசென்ஸ் புதுப்பிப்பதற்கான வழக்கமான பரிசோதனை. ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். நீங்கள் அமத்தாமல் விட்ட புள்ளிகள் நிறைய. டொக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினார். நேரே பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை, கடைசி வரி வரைக்கும் வாசிக்கிறார். பக்கங்கள்தான் கரையிலிருந்து மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வருகின்றன, போகப் போகக் குழாய்க்குள்ளால் பார்க்கிறமாதிரி ஆகிவிடும். பஸ் இனி ஓட முடியாது. சொந்தக் கார் இப்போதைக்கு ஓடலாம், ஒவ்வொரு வருடமும் வந்து காட்ட வேண்டும், ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அதையும் விட வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது நீங்கள்தான் கார் ஓடினீர்கள். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தீர்கள்.

“நான் ஒரு கார் செய்யப்போறன்.”

“என்ன செய்யப்போறியள்?”

“சாமானெல்லாம் பெட்டியிலை வருமாம். வீட்டிலை வைச்சுப் பொருத்திப் பூட்டலாம். நானே பூட்டி நானே ஓடவேணும். கண் விடுறதுக்கிடையிலை.”

“உங்களுக்கு விசரோ?” என்று கேட்டேன். அழுகை வந்தது, அதை மறைக்கத்தான் அப்படிக் கேட்டேன். நீங்கள் மெய்யாகவே பைத்தியமோ என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு, “ஓம்” என்றீர்கள்.

டிப்போவில் உங்களுக்கு உள்வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் ஓடப்போகிற பஸ்களைக் காலையில் கழுவி நிரைப்படுத்தி வைக்கிற வேலை. அது சண்டை நின்று ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம். அந்தக் கோடை ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் யாழ்ப்பாணம் போய், பனங்கட்டியும் பனம்பழப் பினாட்டும் கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே கார் இல்லை. ஏணியைப் படுக்கவைத்ததுபோல் ஒரு இரும்புச் சட்டகம், கண்ணாடிநாரில் செய்த ஒரு மூக்கு, நாலு மட்காட், மிச்சமெல்லாம் ஆணியும் நட்டும். எஞ்சினை நீங்கள்தான் தேட வேண்டுமாம். பழைய கார்கள் உடைக்கிற இடமொன்றில் ஒரு காரை எடுத்து, அதன் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பின் அச்சையும் கழற்றிக்கொண்டு வந்தீர்கள்.

தவம் அண்ணை உங்கள் ஊர்ச் சிநேகிதன், குறொன்லாண்டில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். சனிக்கிழமைப் பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு, விற்காமல் மிஞ்சிய முருங்கைக்காயோடு வந்து சேர்ந்துவிடுவார். நீங்கள் இரண்டு பேரும் கராஜுக்குள் போனால் சாப்பிடக் கூப்பிட்டாலும் கேட்காது. “இப்ப முடிஞ்சிடும்” என்பீர்கள். அந்தக் காரைப் பற்றி நீங்கள் அதிகம் சொன்னது அதைத்தான். இலையுதிர்காலக் குளிருக்குக் கராஜில் பூச்சுக் காயாது என்று காரின் மூக்கை வரவேற்பறையில் கொண்டுவந்து வைத்தீர்கள். சரஸ்வதி பூசைக்கு வந்த சனம் அதைச் சுற்றியிருந்து வடை தின்றது. ஒருவர், இது ஏதும் புதுச் சாமியோ என்று கேட்டார். நான் வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி விழுத்தும்போதும், கதவு நிலையில் தோள் மோதும்போதும் நீங்கள் மெதுவாகச் சுருங்கிப்போவதைக் கண்டேன். கராஜுக்குள் அந்தச் சுருக்கம் இல்லை. அங்கே எல்லாம் உங்கள் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அடுத்த வருடக் கண் பரிசோதனையில் மயிரிழையில் தப்பினீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிரேக் விஷயம்.

பிரேக் குழாய்க்குள் இருக்கிற காற்றை எடுக்க ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் கார்ச் சில்லடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். தவம் அண்ணை எண்ணெய்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் என்னைக் கூப்பிட்டீர்கள். மாக் குழைத்த கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங் அப்போது பூட்டவில்லை, மீற்றர்ப் பலகையும் இல்லை, வெறும் இரண்டு இருக்கைகள்தான். நான் கார் ஓடப் பழகியது வீதியின் வலக்கரையால் ஓடுகிற இந்த நாட்டில். ஓடுகிற ஆளின் இடம் இடப்பக்கம் என்று நேரே போய் அதற்குள் இறங்கி, காலை நீட்டித் தடவினேன்.

“இஞ்சேருங்கோ, பிரேக்கைக் காணேல்லை.”

“வடிவாப் பாரும்.”

“பார்த்திட்டன். ஒண்டுமில்லை. வெறும் தகரம்.”

தவம் அண்ணை சிரித்தார். “தங்கச்சி, மற்றப் பக்கம் இருங்கோ. அது ஓடுற ஆளின்ரை பக்கமில்லை.”

“எந்த நாட்டிலை, அண்ணை?”

நீங்கள் சில்லடியிலிருந்து எழும்பி வந்தீர்கள். இரண்டு பேரும் காரின் முன்னால் நின்று, இடப்பக்கத்தைப் பார்த்தீர்கள், வலப்பக்கத்தைப் பார்த்தீர்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஓடர் கொடுக்கும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் இங்கிலாந்து வழக்கப்படி வலப்பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். நீங்கள் சொல்லவில்லை. சாமான் வந்தபிறகும் படத்தில் இருந்தபடி பெடல்களை வலப்பக்கத்திலேயே பூட்டினீர்கள். பதினைந்து வருடமாக இந்த ஊரில் இடப்பக்கம் இருந்து பஸ் ஓடிய மனிதர் நீங்கள். தவம் அண்ணை அதே அளவு காலம் இடப்பக்கம் இருந்து மரக்கறி வான் ஓடுகிறவர். ஆனால் நீங்கள் வாகனம் பழகியது உங்கள் பெரியப்பாவின் லொறியில், அவர் பழகியது வாடகைக்கு ஓடுகிற ஹயரிங் காரில், இரண்டும் யாழ்ப்பாணத்தில். வலப்பக்கத்தில் ஸ்டியரிங் போட்ட படத்தைப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு நோர்வேக்காரர் எட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

அன்று சாப்பாட்டு மேசையில் நான்தான் கதையைத் தொடங்கினேன்.

“மாத்தேலாதோ?”

“மாத்தலாம். ஸ்டியரிங் சாமான் திருப்பி எடுப்பிக்கவேணும். பெடல், வயர் எல்லாம் கழட்டவேணும். இந்தக் கோடை போயிடும்.”

கோடை போனால் அடுத்த கண் பரிசோதனை வந்துவிடும். அதை நீங்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, ஆரணி சோற்றைப் பிசைந்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டீர்கள். வலப்பக்க ஸ்டியரிங்குக்கு இந்த நாட்டில் தடையில்லையாம், முன் விளக்கு மட்டும் இந்த ஊர்ப் பக்கத்துக்கு ஏற்றமாதிரி இருக்க வேண்டுமாம். உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப ஒரு வாகனத்தை முந்தேக்கை என்ன செய்வியள்? முன்னுக்கு லொறி நிண்டால் உங்களுக்கு லொறியின்ரை முதுகுதானே தெரியும். எதிர்ப்பக்கம் வாறதை ஆர் பார்க்கிறது?”

“இடப்பக்கத்திலை நீர் இருப்பீர்தானே. நீர் போங்கோ எண்டால் போறன், நில்லுங்கோ எண்டால் நிக்கிறன்.”

“நான் பிழையாச் சொன்னால்?”

“நீரோ? கலியாணம் கட்டின நாளிலை இருந்து எல்லாம் சரியாத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறீர்.”

ஆரணிக்குப் புரைக்கேறிவிட்டது. அத்தோடு வலப்பக்கம் வலப்பக்கமாகவே நின்றது.

மிச்ச வேலை பனிக்காலம் முழுக்க இழுத்து, அடுத்த வசந்தத்தில்தான் காரை ட்ரெய்லரில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த மனிதர் மட்காட்டின் ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார், யாரும் மோதினால் வெட்டுகிற கூர் இருக்கக்கூடாதாம். இரண்டு இடம் கூராக இருந்தது. பின் விளக்கு ஒன்றின் உயரமும் பிழை. திருத்திக்கொண்டு வரச் சொன்னார், மரியாதையான மனிதர். அந்த இரண்டு வேலைக்குமாக நீங்கள் வீட்டுக்குத் திரும்பிய இடைவெளியில்தான் கண் பரிசோதனை நாள் வந்தது.

நான் வெளியே இருந்தேன். நீங்கள் பொத்தானை அமத்துகிற சத்தம் கதவுக்குள்ளால் கேட்டது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் நேரம் நீண்டு நீண்டு போனது. உள்ளே கூப்பிட முதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த கிழமை திருத்திய காரை மறுபடி கொண்டு போனோம். ஒரு குறையும் சொல்லவில்லை. கார் பாஸ், நீங்கள் பெயில். நம்பர்த் தகடு பூட்டி, மினுக்கித் துடைத்து, சாவியும் போட்டு, கராஜில் கார் நின்றது. நீங்கள் குசினியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தீர்கள், கழுவக் கையில் ஒன்றும் இல்லாமலே.

தவம் அண்ணை சனிக்கிழமை நாலு தேசிக்காயோடு வந்தார், சில்லுக்குக் கீழே வைத்து நசித்துக் கண்ணூறு கழிக்க. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தேசிக்காய்களைக் கீழே வைத்தார்.

“மச்சான், ஞாயிறு காலமை பின்னாலை தொழிற்சாலை றோட்டிலை ஒரு குஞ்சும் இராது. ஒருக்கா ஓடு. ஒரே ஒருக்கா. ஆர் கேக்கப்போயினம்?”

நீங்கள் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு தடவைக்காகத்தானே அவ்வளவும்.

“பக்கத்தாலை ஒரு பிள்ளை சைக்கிளிலை வந்தால் எனக்குத் தெரியாது, தவம்” என்றீர்கள். “இவ்வளவு காலம் பஸ் ஓடி ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இனியும் வேண்டாம்.” பிறகு என்னைப் பார்த்து, “வித்துவிடுவம்” என்றீர்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. கண்ணில் கோபம், டொக்டரில் கோபம், மட்காட்டைத் தடவிய மனிதரில் கோபம், அவ்வளவையும் உங்களில்தான் காட்டினேன்.

“ஆருக்கு விக்கப்போறியள் உங்கடை கண்டறியாத காரை? ஆர் வாங்குவான் உதை? என்ரை வரவேற்பறையிலை மூக்கை வைச்சு, என்ரை குசினியிலை கோதாரிப் பசையை வைச்சு, இப்ப விக்கிறாராம். சாவியைத் தாங்கோ. நான் ஓடுறன்.”

“நீர் நெடுஞ்சாலைக்கே போறேல்லை.”

“நெடுஞ்சாலைக்குப் போகேல்லை. தாங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும். கடைத்தொகுதியின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் எனக்குப் பழக்கினீர்கள். நாலு தேசிக்காயையும் நசித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்ததே பெரிய பாடு. குளிக்கிற தொட்டிக்குள் காலை நீட்டிப் படுத்ததுபோல் ஒரு கார், கூரையில்லை, கதவில்லை, ஏறுவதற்குப் பக்கத்தால் கடந்து இறங்க வேண்டும். வலப்பக்கத்தில் நான். கியர் என் இடக்கைக்கு வந்துவிட்டது. இடக்கைக்குக் கியர் தெரியாது. நான் கிளச்சை மிதிக்க நீங்கள் கையை நீட்டிக் கியர் போட்டீர்கள். இரண்டு சுற்று அப்படியே போனோம். பிறகு உங்கள் கையை என் கைக்கு மேலே வைத்து, “இதுதான் ரெண்டு. இதுதான் மூண்டு. இனி நீர் போடும்” என்றீர்கள்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் எனபாக் பக்கம் புறப்பட்டோம். எனக்கு ஸ்வெட்டர், தலைக்குத் துணி. காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்தில் நீங்கள் நேரே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். வயல்கள் தொடங்குகிற இடத்தில் முன்னால் ஒரு ட்ராக்டர் வந்து ஏறியது. பின்னால் இழுத்துப்போன வண்டியில், வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல்லுருண்டைகள் மலைபோல். நான் அதன் பின்னால் ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் கார்கள் சேரத் தொடங்கின. வாழ்நாளில் நான் யாரையும் முந்தியதில்லை. வேலைக்குப் போகும் வழியில் தாத்தாமாரின் சைக்கிளுக்குப் பின்னாலும் பொறுமையாகப் போகிற ஆள் நான்.

“என்ன, ஊருறீர்?”

“ட்ராக்டர். எனக்கு ஒண்டும் தெரியேல்லை, உருண்டைதான் தெரியுது.”

“பொறும். நான் பார்க்கிறன்.”

கழுத்தை வெளிப்பக்கம் சாய்த்தீர்கள். இந்தக் கண்ணைத்தானே வேண்டாம் என்று சொன்னார்கள். இந்தக் கண்தானே என் கோப்பைகளை உடைத்தது. ஆனால் டொக்டர் சொன்ன மற்றதும் நினைவில் வந்தது. நேரே பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் வீதி நேராகத்தான் கிடந்தது. எதிரே வருகிற வாகனமும் அந்தக் குழாய்க்குள்ளேதான் வர வேண்டும்.

“ஒரு கார் வருது. பொறும். போயிட்டுது. பின்னாலை இன்னொண்டு. பொறும்.” பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தான். “அவன் அடிக்கட்டும். நீர் பொறும்.” உங்கள் குரலில் அவசரமே இல்லை. பஸ்ஸில் சனம் ஏறி முடியும்வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பீர்களே, அந்தக் குரல்.

“இப்ப போம்.”

“வடிவாத் தெரியுதோ?”

“போம்.”

போனேன். காரை இடப்பக்கம் எடுத்தபிறகுதான் வீதி எனக்குத் தெரிந்தது. தூரத்து மேடு வரைக்கும் ஒரு பூச்சி இல்லை. ட்ராக்டர்க்காரன் மேலேயிருந்து எங்களைக் குனிந்து பார்த்தது நினைவிருக்கிறது. திரும்ப வலப்பக்கம் வந்தபிறகும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன். “கியரை மாத்தும், எஞ்சின் கத்துது” என்றீர்கள். அந்த நேரம் உங்கள்மேல் எனக்கு இருந்த அன்பு, தாலி கட்டின அன்றுகூட இருக்கவில்லை. அன்றைக்கு உங்களை எனக்குத் தெரியாதே.

ஏரிக்கரையில் நிறுத்தி மீன் பணிஸ் சாப்பிட்டோம். நீங்கள் கடதாசியை மடித்துப் பையில் வைத்தீர்கள். பிறகு, “நான் ஓடினமாதிரித்தான் இருந்தது” என்றீர்கள். “நீங்கள்தானே ஓடினது” என்றேன். “பெடல் மட்டும்தான் என்ரை பக்கம்.” திரும்பி வரும்போது, தேவையிருந்ததோ இல்லையோ, இன்னும் இரண்டு வாகனத்தை முந்தவைத்தீர்கள்.

அதற்குப் பிறகு கோடைகளில் அப்படித்தான் ஓடினோம். குழாய் இன்னும் ஒடுங்கியது. ஆனாலும் நடுவில் ஒன்றும் குறையவில்லை. ஒரு தடவையும் நீங்கள் பிழையாகச் சொல்லவில்லை. கடைசியில் உங்களைக் கொண்டுபோனது கண் இல்லை, நெஞ்சு. பனிக்காலத்தில், டிப்போவில் உடுப்பு மாற்றுகிற அறையில். எனக்கு ரெலிபோன் வந்தபோது அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடிக்கொண்டு போனேன், நெடுஞ்சாலையால், முன்னால் நின்ற எல்லாரையும் முந்திக்கொண்டு. அது எங்கள் மற்றக் கார், இடப்பக்கத்து ஸ்டியரிங். அதில் எனக்கு யாரும் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கும் அதில் நான் நன்றாக ஓடுவேன். நீங்கள் கண்டால் பயப்படுவீர்கள்.

நீங்கள் கட்டிய கார் ஒரு கோடை முழுக்கத் துணி மூடிக் கிடந்தது. விற்கலாம் என்று தவம் அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தார், நான் கராஜைத் திறக்கவில்லை. போன ஆவணியில் ஆரணி யூனிவர்சிட்டி விடுமுறையில் வந்து, பற்றரியை ஏற்றி, காற்றடித்து, துணியை இழுத்தாள். “வாங்கோ, எனபாக் போவம். நான் அப்பாவின்ரை இடத்திலை இருக்கிறன்” என்றாள். போனோம். நல்ல வெயில். அதே வயல் வீதியில் முன்னால் விடுமுறைக்காரரின் ஒரு முகாம் வான், வீடு மாதிரி அகலம். எனக்கு அதன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ஆரணிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே வெளிப்பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

“ஒண்டு வருது, பொறுங்கோ. போயிட்டுது. பாதை கிளார்ட், அம்மா. போங்கோ.”

சிக்னலைப் போட்டேன்.

“போங்கோ அம்மா. ஒண்டுமே இல்லை.”

அவளுக்கு இருபத்திரண்டு வயது. உங்கள் கண் வருத்தம் இவளுக்கும் வருமோ என்று வருடா வருடம் காட்டுகிறோம், கண்ணில் ஒரு குறையும் இல்லை. நேரும் தெரியும், பக்கமும் தெரியும். பொய் சொல்கிற பிள்ளையும் இல்லை. சிக்னலை எடுத்துவிட்டேன்.

“என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

“இருக்குது பிள்ளை.”

இருக்கிறதுதான். ஆனாலும் போகவில்லை. அந்த வான் ஏரிக்கரையில் திரும்பும்வரை அதன் பின்னாலேயே போனோம்.